எறிய முதல் அளந்து பாருங்கோ

‘புகை தள்ளுது, வித்துப்போட்டுப் புதுசு எடு’ என்று சொல்லுறது லேசு. பழைய ஹொண்டா 90 நீலமாய்ப் புகைச்சால் ஒயில் எரியுது. ரிங், சிலிண்டர், வால்வு சீல், இதுகளில ஏதோ தேய்ஞ்சிட்டுது. எஞ்சினை முழுசாய் இறக்கத் தேவையில்லை. ஹெட்டையும் சிலிண்டரையும் கழட்டினால் போதும். சிலிண்டரை அளக்காமல் ரிங்கை மட்டும் மாத்துறது வீண்செலவு. தேய்ஞ்சிருந்தால் போர் பண்ணிப் பெரிய பிஸ்டன் போடவேணும். 0.25 மில்லிமீற்றரில தொடங்கி 1.00 வரைக்கும் நாலு அளவு இருக்கு. திருத்தித் திருத்தி ஓடட்டும் என்றுதான் அதைச் செய்திருக்கினம். 2020இல வாகன இறக்குமதியை நிறுத்தினபோது எங்களை ஓடவைச்சது கராஜ்காரரின்ர கைகள்தான். படிப்பு ஏறாதவையின்ர தொழில் என்று அதை ஒதுக்கினது காணும். அந்தக் கணக்கையும் அறிவு என்று மதிக்கப் பழகுவம்.