துக்க வீட்டில் வருகைப் பதிவு எடுக்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம பூச்சோங் பக்கம் ஒரு துக்கம் என்றால் உடனே வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்துவிடும். எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க, செராஸ் மின்சுடலையா வேறு இடமா, எல்லாம் இருக்கும். அதுவரை சரி. எடுத்து முடித்து வீட்டைக் கழுவி விடுவதற்குள் அடுத்த செய்தி: "சின்ன மகன் வரவே இல்லையாமே?" அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதான வரிசையிலும் அதே பேச்சு. சிலர் எங்களைப் போன்ற தொண்டர்களிடம் தனியாக வந்து கேட்கிறாங்க: "அண்ணே, நான் போகலை. பெரிய பாவமா?"

என் கருத்தைச் சொல்கிறேன். வராதவர்கள் எல்லாரும் ஒன்றல்ல. ஏன் வரவில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் விரதக்காரர்கள். "பெரியப்பா இறந்துட்டாரு, ஆனா நான் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கணும், அதனால போகலை" என்பார்கள். பெரியப்பா பங்காளி. பங்காளிக்குத் தீட்டு அந்த இறப்பினாலேயே வருகிறது, துக்க வீட்டு வாசலை மிதிப்பதால் வருவதில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் தீட்டு தீட்டுதான். நம்மில் பலருக்கு அது 16ஆம் நாள் கருமக்கிரியையோடுதான் கழியும். பங்காளி அல்லாத உறவு என்றால், போய்விட்டு வந்து தலை முழுகுவது நம் வழக்கம். காப்புக் கட்டிய பிறகு என்ன செய்வது என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். குருக்களிடம் கேளுங்கள், நீங்களாக முடிவு கட்டாதீங்க. முருகன் அடுத்த வருஷமும் பத்துமலையில் இருப்பார். பெரியப்பா முகத்தை அடுத்த வருஷம் பார்க்க முடியாது.

துறவிக்கு ஈமக்கடன் கிடையாது என்பது விதி. ஆனாலும் பட்டினத்தார் தாய் இறந்ததும் வந்து பச்சை வாழை மட்டை அடுக்கித் தீ மூட்டினார் என்றுதான் நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆதிசங்கரரும் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகக் காலடிக்குத் திரும்பி வந்தார். அவர்களுக்கு இல்லாத விரதமா நமக்கு?

சங்கரர் வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி இருக்கு. அவருடைய தாய் ஆரியாம்பாள் இறந்தபோது சொந்தக்காரர்கள் உதவிக்கு வரவில்லை. சந்நியாசி எப்படிக் கொள்ளி வைக்கலாம் என்று அவர்களுக்குக் கோபம். கடைசியில் வீட்டு வளாகத்திலேயே அவர் தனியாகத் தகனம் செய்தார் என்று சொல்கிறார்கள். கோபம் மகன் மேல். ஆனால் யாருமில்லாமல் கிடந்தது அந்தத் தாயின் உடல். அந்த அம்மா அவர்களுக்கு என்ன கெடுதல் செய்தாள்?

இன்றைக்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. வீடு யார் பேரில் என்ற தகராறு, கல்யாணத்தில் மரியாதை கொடுக்கலை, அண்ணி பேசின பேச்சு. தண்டனை மட்டும் செத்துப்போன அம்மாவுக்கு. இப்படி இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்க கோபம் செத்தவர் மேலா, இருக்கிறவர் மேலா? இருக்கிறவர் மேல என்றால் போய் வாய்க்கரிசி போடுங்க. அண்ணனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி வந்துடுங்க. யாரும் உங்களைச் சமாதானம் ஆகச் சொல்லலை. சண்டையை அடுத்த வாரம்கூடப் போட்டுக்கலாம்.

"எனக்கு யாரும் சொல்லலை" என்பதும் காரணமில்லை. நல்லதுக்கு அழைச்சா போகணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போகணும். அதே நேரம் துக்க வீட்டாருக்கும் கடமை இருக்கு. பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்கும் ஒரு செய்தி அனுப்புங்க. வந்தால் வாசலில் வைத்துக் கணக்குக் கேட்காதீங்க.

மூன்றாவதாகச் சிலர் இருக்காங்க. செத்தவராலேயே காயப்பட்டவங்க. குடித்துவிட்டு தினமும் அடித்த அப்பா, சின்ன வயதிலேயே விட்டுட்டுப் போன அப்பா, பிள்ளையிடம் தகாத முறையில் நடந்த உறவுக்காரர். வெளியில் அவர் நல்ல மனிதர், கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர். மகள் சாவுக்கு வரலை. உடனே நாம், "என்ன இருந்தாலும் அப்பா இல்லையா!" அந்த 'என்ன இருந்தாலும்' என்பதற்குள் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவள் போகாதது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைக்குக் கடமை இருப்பது போலப் பெற்றவருக்கும் கடமை இருந்தது.

"இப்படிச் சொன்னா நாளைக்கு யாருமே வர மாட்டாங்க, கொள்ளி வைக்கக்கூட ஆள் இருக்காது" என்று பெரியவர்கள் பயப்படுறாங்க. பயம் நியாயமானது. ஆனால் ஊர் பேசுமே என்று பயந்து வருகிறவர் 16ஆம் நாளுக்குப் பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை, இதை நாம் பார்க்கிறோம்தானே? பாசத்தில் வருகிறவர் நம் பேச்சுக்காகக் காத்திருப்பதில்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் எத்தனை பிள்ளைகள் அப்பா அம்மா முகத்தைக் கைப்பேசியில் பார்த்து அழுதார்கள். சிங்கப்பூரில் வேலை செய்தவர்கள் எல்லையைத் தாண்ட முடியவில்லை. அவர்களை யாராவது குறை சொன்னோமா? பக்கத்தில் நின்றால்தான் பாசம் என்பதில்லை என்று அப்போதே நமக்குப் புரிந்ததே.

போகாமல் விட்டுவிட்டு இப்போது மனசு உறுத்துகிறவர்களுக்கு: தகனம் ஒரு நாள்தான், ஆனால் வழி அதோடு அடைபடவில்லை. ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை, தை அமாவாசை என்று வருஷா வருஷம் வருகிறது. தர்ப்பணம் கொடுக்கலாம். கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றலாம். சீட்டு எழுதுகிற தொண்டர் பெயரும் நட்சத்திரமும்தான் கேட்பார். அன்னிக்கு ஏன் வரலை என்று கேட்க மாட்டார். ஏற்ற மனசு வரவில்லை என்றால் அதற்கும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துக்க வீட்டுக்குப் போனால் நாற்காலி எடுத்துப் போடுங்க, வந்தவங்களுக்குத் தண்ணி கொடுங்க, வயசானவங்களை வண்டியில் ஏற்றி விடுங்க. யார் வரலை என்று எண்ண வேண்டாம். வராதவர் உங்களுக்கு வேண்டியவர் என்றால் ராத்திரி ஒரு போன் போடுங்க. காரணம் கேட்காதீங்க. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்க.

சிவாயநம.