குடுவை வேறு, உடம்பு வேறு!

மஞ்சள் புற்றுநோயை விரட்டும், கீமோவின் கெடுதலைத் துளசி தடுக்கும் என்று தினம் ஒரு செய்தி வருகிறது. இதெல்லாம் சுத்தப் பொய்யா? இல்லை. பாதி உண்மை. அதுதான் ஆபத்து!

டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. நல்ல செல்லும் சேர்ந்து அடிவாங்கும். மனித ரத்த வெள்ளையணுக்களைக் குடுவையில் வளர்த்து, இத்தகைய மருந்துகளோடு தாவரப் பொருளையும் கலந்து, குரோமோசோம் உடைவுகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிறார்கள். பல பொருட்கள் உடைவைக் குறைத்திருக்கின்றன.

ஆனால் குடுவையில் செல்லை நேராகத் தொடும் குர்க்குமின், சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்கிறது. சரி, சேர்ந்தால்? நல்ல செல்லைக் காப்பது புற்றுநோய் செல்லையும் காத்துவிட்டால்? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது!

குழம்பு மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். சிகிச்சையின் நடுவே டாக்டருக்குத் தெரியாமல் விழுங்கும் பொடிக்கும் மாத்திரைக்கும்தான் பயப்பட வேண்டும். திட்டு விழும் என்றுதான் பலர் மறைக்கிறார்கள். டாக்டர்களும் திட்டாமல் கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.