எவருக்காக இவ்வாய்வு?

துறையூர் வயற்சேற்றில் நாற்று நடுகின்ற பெண்ணின் உழைப்பை அளந்து, உலகமாக்கலும் பெண்ணுரிமையும் என்று ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறுகின்றனர் சிலர். அவளோ தன்னைப் பற்றிய ஒரு வரியையும் படித்தறியாள்! இதுவோ பெண்ணுயர்வு?

1929-இல் செங்கற்பட்டுத் தன்மான மாநாடு மகளிர்க்குச் சொத்தில் ஒத்த உரிமை கேட்டது, தமிழில் கேட்டது. ஊர்தோறும் பரவிய அக்குரலே 1989-இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 1938-இல் திருச்சியினின்று சென்னைக்குச் சென்ற இந்தியெதிர்ப்புப் படையில் நடந்த மூவலூர் இராமாமிருதம் அம்மையாரும் ஆங்கில ஏடு படித்தா வீறு பெற்றார்?

1991-இல் அயல்முதலுக்குக் கதவு திறந்தபின் தன் கூலிக்கும் விதைக்கும் நேர்ந்ததை உழவுப்பெண் அறிய வேண்டாவோ?

பாவேந்தர் பெயர் தாங்கிய திருச்சிப் பல்கலைக்கழகமே, நீ முன்னிற்க! பெண்ணைப் பற்றிய ஆய்வு தமிழில் எழுதப்படுக. அவள் முன் படிக்கப்படுக. அதன் பின்னரே பட்டம் தருக!