பிக் டிவி போச்சு, டிஷ் மட்டும் மாடியில் இருக்கு!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மொட்டை மாடிகளை நிமிர்ந்து பார்த்தால், சில வீடுகளில் இரண்டு டிஷ் தெரியும். ஒன்று வேலை செய்யும். இன்னொன்று துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுக்கும். அப்படித் துருப்பிடித்த டிஷ்களில் பிக் டிவிக்கும் பங்கு உண்டு.

சென்னைக்கு செட்-டாப் பாக்ஸ் புதுசு இல்லை. டில்லி, மும்பைக்கு முன்னாலேயே, 2003 செப்டம்பரில், அரசாங்கம் சி.ஏ.எஸ். முறையை இங்கேதான் கொண்டுவந்தது. அப்புறம் டாடா ஸ்கை, சன் டைரக்ட் எல்லாம் வந்தன. 2008 ஆகஸ்டில் அனில் அம்பானியின் பிக் டிவி வந்தது. அதே வருஷம் ஏர்டெல், அடுத்த வருஷம் வீடியோகான். 2011-ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கே சேனல் கொடுத்தது. போட்டி ஒரு பக்கம், தாய் நிறுவனமான ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸின் கடன் இன்னொரு பக்கம். 2017 நவம்பரில் பிக் டிவியை விற்கப்போவதாக அறிவித்தார்கள்.

கூத்து ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். 2018-ல் ஒரு ஆஃபர்: 499 ரூபாய் கட்டி புக் பண்ணு, பாக்ஸ் வரும்போது 1500 கொடு, ஒரு வருஷம் கட்டணச் சேனல் இலவசம், 500 இலவச சேனல் ஐந்து வருஷம் இலவசம்! இலவச சேனலை இலவசமாகத் தருவது என்ன சலுகை? தூர்தர்ஷனின் டிடிஹெச் 2004-லிருந்தே மாசக் கட்டணம் இல்லாமல் அதைத்தானே செய்கிறது? கம்பெனி இண்டிபென்டன்ட் டிவி என்று பெயர் மாறியது. 2019-ல் சேவையே நின்றது. ஐந்து வருஷ வாக்குறுதி இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை.

'விசாரிக்காமல் பணம் கட்டியது யார் தப்பு?' என்று கேட்பவர்கள் உண்டு. சரி, எங்கே போய் விசாரிப்பது? லைசென்ஸ் கொடுத்தது மத்திய அரசு. அந்த அரசு தன் பாக்கிக்காக டிடிஹெச் கம்பெனிகளிடம் 40 கோடி ரூபாய் பேங்க் கேரண்டி கேட்டது. வாடிக்கையாளரின் அட்வான்ஸுக்கு எத்தனை ரூபாய் கேரண்டி? சைபர்!

கணக்குப் பதிவியலில் முதல் வருஷமே சொல்லித்தருவது இது: முன்பணம் வருமானம் இல்லை, பொறுப்பு. அதாவது 499 கட்டியவர் கடன் கொடுத்தவர். ஆனால் எல்லாக் கடன்காரர்களும் ஒன்று இல்லை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸிடம் பாக்கி கேட்டு எரிக்சன் உச்ச நீதிமன்றம் போனது. 2019 பிப்ரவரியில் கோர்ட், நாலு வாரத்தில் கட்டு, இல்லாவிட்டால் ஜெயில் என்றது. மார்ச்சில் பணம் வந்துவிட்டது. 1999 ரூபாய்க்காக ஆவடிக்காரர் டில்லிக்கு ரயில் ஏற முடியுமா? 

கம்பெனிகள் கவிழ்வது வியாபாரத்தில் சகஜம். அது குற்றம் இல்லை. ஆனால் கம்பெனி கவிழும்போது பாக்ஸும் ஏன் செத்துப்போக வேண்டும்? செல்போனில் 2011-லிருந்து நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். செட்-டாப் பாக்ஸையும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற மாதிரி செய்யச் சொல்லி 2020 ஏப்ரலில் டிராயே பரிந்துரைத்தது. பரிந்துரை பேப்பரில் இருக்கிறது, பாக்ஸ் பரணில் இருக்கிறது.

செய்ய வேண்டியது இரண்டே விஷயம். பொது பாக்ஸைக் கட்டாயமாக்குங்கள். முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள். இது இரண்டும் வராதவரை 'ஐந்து வருஷம் இலவசம்' என்று யார் வந்தாலும், மக்கள் முதலில் மாடிக்குப் போய் அந்தப் பழைய டிஷ்ஷை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது நல்லது.