விட்டதைப் பிடிக்கிற கதை

சாராயத்தைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம். இரட்டைக் குவளை, சுடுகாட்டுப் பாதை, தேர் வடம் என்று நிறையவே எழுதியிருக்கிறோம். சூதாட்டம் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஏன்? வெட்கம். 'ஏற்கனவே நம்மளக் குடிகாரன், சோம்பேறிங்கிறான். இதையும் நாமளே எடுத்துக் குடுக்கணுமா?' என்று ஒரு தோழர் என்னிடமே கேட்டார். நானும் பல வருசம் மூடி வைத்தவள்தான். இப்படி மூடி வைப்பதில்தான் சூதாட்டம் பிழைக்கிறது என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

எங்கய்யா ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, சிமெண்டை அள்ளிக் கொட்டி, செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்குப் பூப்போட்ட தரை செய்தவர். எங்கள் வீட்டுத் தரை சாணி மெழுகியது. சனிக்கிழமை கூலி வாங்கினால் நேரே காரைக்குடி பஸ் ஸ்டாண்டு லாட்டரிக் கடைதான். 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று 1968இல் அரசாங்கமே தொடங்கி வைத்த பழக்கம் அது. பிறகு பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று அய்யா கண்ணால் காணாத ஊர்ச் சீட்டெல்லாம் கடையில் தொங்கியது. எங்கள் வீட்டுக்கு ஒரு நாளும் விழவில்லை. விழாத காசு போன அந்த நாட்டில் எங்கள் தெரு எங்கே இருந்தது என்றும் தெரியவில்லை.

'ஒரு நம்பருல போச்சு தாயி' என்பார் அய்யா. ஒரு நம்பரில் போனாலும் ஏழு நம்பரில் போனாலும் போனது போனதுதானே? மனசு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. கொஞ்சத்தில் தவறியது தோல்வியாகத் தெரியாது, கிட்ட நெருங்கிவிட்டதாகத் தெரியும். அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி போட்டால், தீனி நின்றதும் புறா சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போது விழும் என்றே தெரியாமல் போட்டால், நின்ற பிறகும் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். லாட்டரிக் கடையும் போன் ரம்மியும் இதே சூட்சுமத்தில்தான் ஓடுகின்றன. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். அன்றைக்கு எங்கள் வீடு எழவு விழுந்த வீடு மாதிரிக் கிடந்தது. கடையை மூடினார்கள். அய்யாவின் மனசுக்குள் இருந்த கடையை யார் மூடுவது?

ஆசை எல்லாருக்கும்தான் இருக்கிறது. நம்மிடம் அது ஏன் இப்படி வேர் பிடிக்கிறது? 'உன் தலையெழுத்து' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த விதியைத் திருப்பிப் போட்டால் அதிர்ஷ்டம். கூலி ஏன் குறைவு என்று கேட்க வேண்டியவன் நம்பர் ஏன் விழவில்லை என்று கேட்கிறான். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று நாலு யுகமாக நமக்குப் படித்துக் கொடுத்தவை ஆதியில் ஆரியர்கள் உருட்டிய பகடைகளின் பெயர்கள் என்று, புரட்சியும் எதிர்ப்புரட்சியும் பற்றி எழுதியபோது பாபாசாகேப் அம்பேத்கர் எடுத்துக் காட்டினார். காலத்துக்கே சூதாட்டப் பேர் வைத்தவர்கள் நமக்கு ஒழுக்கம் சொல்ல வருகிறார்கள்!

பொண்டாட்டியைப் பணயம் வைத்தவன் தர்மன், அது காவியம். எங்கய்யா பத்து ரூபாய்க்குச் சீட்டு வாங்கினால் கேடு கெட்டவர். ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. 1996இல் குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று சொன்னது. மனமகிழ் மன்றத்தில் உட்கார்ந்து ஆடினால் பொழுதுபோக்கு. சேரி வேப்பமரத்தடியில் உள்ளே வெளியே ஆடினால் ஜீப் வரும், 1930ஆம் வருசத்துச் சூதாட்டச் சட்டமும் கூடவே வரும்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். 2022இல் என் தம்பி போனில் ரம்மி ஆடினான். முதல் வாரம் 1,800 ரூபாய் ஜெயித்தான். பிறகு ஆத்தா வாங்கின குழுக்கடன் 40,000 ரூபாயும் போனது. ஒரு ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. தேடிப் போனால் கம்மாக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். எம்.ஏ. தமிழ் படித்த, மேடையில் பேசுகிற நான் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'ஊர்க்காரன் நம்மளச் சொல்றது சரியாப் போச்சேடா.' ஆதிக்கச் சாதிக்காரன் நாக்கு என் வாய்க்குள் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தம்பி அழுதுகொண்டே சொன்னான்: 'விட்டதப் பிடிச்சிட்டு ஒன்ட்டச் சொல்லலாம்னுதாங்க்கா இருந்தேன்.'

தோழர்களே, இதைக் கவனியுங்கள். முதல் ஆயிரம் ஆசையில் போனது. மீதியெல்லாம் வெட்கத்தில் போனது. யாருக்கும் தெரியாமல் சரிக்கட்டிவிடலாம் என்றே ஒவ்வொரு ஆட்டமும் ஆடினான். நாம் ஏசுகிற ஒவ்வொரு ஏச்சும் அவனை மறுபடி போனுக்குள் தள்ளுகிறது.

'பொறுப்போடு விளையாடுங்கள்' என்று கம்பெனிக்காரன் சொன்னான். ஆட்டத்துக்கு ஆட்டம் கமிஷன் எடுத்தவன் எவன் ஜெயித்தாலும் தோற்கவில்லை, பொறுப்பு மட்டும் தோற்றவன் தலையில். தமிழ்நாடு 2023இல் தடைச் சட்டம் போட்டது. அதே வருசம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டென்று தடையிலிருந்து எடுத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்றது. சட்டம் வேணும். ஆனால் சட்டத்துக்கு ஒளிந்து மூணு நம்பர் சீட்டு இன்றும் விற்கிறது. மனசு வேற வேலை.

அந்த வேலைக்கு நம்மிடமே மூலதனம் இருக்கிறது. சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சூதின் கேடுகள் ஆறு சொன்னார். ஜெயித்தால் பகை, தோற்றால் துக்கம், பொருள் கரையும், சபையில் சொல் எடுபடாது, நண்பர்கள் மதிக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். பாவம், முன்வினை என்ற பேச்சே இல்லை. கண்ணால் காண்கிற விளைவு மட்டும். நாமும் அப்படிப் பேசுவோம். விட்ட காசு விட்டதுதான், அதைப் பிடிக்கப் போகாதே. கடன் எவ்வளவு என்று ஒரு ஆளிடமாவது முழுசாகச் சொல்லு. கூலியை ஆத்தா கையில் கொடு. சூதாட்டத்துக்கு அடிமையாவதை உலகச் சுகாதார நிறுவனமே நோயாக வகைப்படுத்தியிருக்கிறது, வைத்தியம் பார். உயிரை விடத் தோன்றினால் 14416க்கோ 104க்கோ போன் போடு. எங்கள் வீட்டில் கடன் அடைய மூணு வருசம் ஆனது. தம்பி இருக்கிறான், அது போதும்.

விட்டதைப் பிடிக்கத்தான் வேண்டும் என்றால் விட்டது எது? 1930 டிசம்பரில் எங்கள் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் நம்மவர்களுக்கு எட்டுத் தடை விதித்தார்கள். நகை போடாதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே என்றார்கள். அடுத்த வருசம் அது பதினொன்று ஆனது. நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிடு, பிள்ளைகளைப் படிக்க வைக்காதே என்றார்கள். அதுதான் நாம் விட்டது. அதை எந்தச் சீட்டுக்கட்டிலும் பிடிக்க முடியாது. தம்பி இப்போது எங்கள் தெரு இரவுப் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறான்.