பட்டியலுக்கு அஞ்சுவோரும் நகரத்தின் கொடையும்

பெருநகரங்கள் தம்மை அறிமுகஞ் செய்துகொள்ளும் முறை பெரும்பாலும் ஒன்றே. குடியிருப்போர்க்கு இவை, தொழில் நடத்துவோர்க்கு இவை, பார்த்துச் செல்வோர்க்கு இவை என மூன்று வாயில்களைத் திறந்து வைப்பார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய நகரான நியூயோர்க்கும் அவ்வாறே செய்கின்றது. ஆனால், புகலிடம் கோரி வந்து வழக்கின் முடிவுக்குக் காத்திருக்கும் எம்மவர் ஒருவர் இம்மூன்றில் எந்த வாயிலின் முன் நிற்பது? அவர் விருந்தினர் அல்லர். திரும்பிச் செல்ல ஊர் இல்லை. வணிகர் அல்லர், கையில் முதல் இல்லை. 'நானும் இங்கு குடியிருப்பவன்' என்று சொல்லவோ நெஞ்சு அஞ்சுகின்றது.

இந்த அச்சம் பற்றியே எழுத வேண்டியுள்ளது. ஏனெனில், அந்நகரம் தருவனவற்றில் பல குடியுரிமையைப் பார்த்துத் தரப்படுவன அல்ல; அங்கு வசிப்பதைக் கொண்டே தரப்படுவன. எம்மவரிற் பலர் அவற்றைப் பெறாதிருப்பதற்குச் சட்டத்தைவிடப் பெயரைப் பதிவதில் உள்ள தயக்கமே பெருங் காரணம்.

அத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. பெயரும் முகவரியும் அரச தாளில் இருந்தமையே பலருக்கு வினையாயிற்று. அதைக் கண்டவர்களும் அவர்தம் பிள்ளைகளும் எந்தப் படிவத்தையும் ஐயத்துடனேயே பார்ப்பர்.

நியூயோர்க்கில் இவ்வச்சம் எம்முடையது மட்டுமன்று. 2003 மே மாதம் அன்றைய மேயர் மைக்கல் புளூம்பேர்க் பிறப்பித்த 34ஆம் இலக்க ஆணை, குடிவரவு நிலை பற்றிய தகவல்களுக்குப் போதிய பாதுகாப்பு அளிக்கவில்லை என்று குடியேறியோர் அமைப்புகள் போராடின. அதே ஆண்டு செப்டெம்பரில் 41ஆம் இலக்க ஆணை அதன் இடத்தைப் பெற்றது. சேவையொன்றுக்கான தகுதியை அறியத் தேவைப்பட்டாலோ சட்டம் கட்டளையிட்டாலோ அன்றி, நகர ஊழியர் ஒருவரது குடிவரவு நிலையை வினவலாகாது என்பது அதன் சாரம்.

2015 ஜனவரியில் நகரம் தன் பெயரிலேயே அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. விண்ணப்பதாரர் காட்டிய ஆவணங்களின் பிரதிகளை ஆரம்பத்தில் அது வைத்திருந்தது. 2016 தேர்தலின் பின் அப்பிரதிகள் மத்திய அரசின் கைக்குப் போய்விடுமோ என்ற கலக்கம் எழவே, அவற்றை அழிக்க நகரம் முடிவு செய்தது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் இருவர் தடை கோரி வழக்காடினர். 2017இல் நீதிமன்றம் நகரத்தின் பக்கமே நின்றது. புதிய விண்ணப்பதாரரின் ஆவணப் பிரதிகளை வைத்திருக்கும் வழக்கமும் அத்துடன் கைவிடப்பட்டது. பட்டியலுக்கு அஞ்சியோர் பேசியதனால் பட்டியலின் விதியே மாறியது.

இனி மொழிக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க நகரச் சட்டப்படி முக்கிய ஆவணங்கள் பத்து மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. வங்காளமும் உருதுவும் அப்பத்தில் உண்டு, தமிழ் இல்லை. ஆங்கிலம் போதாதோரின் எண்ணிக்கையை முதன்மையாகக் கொண்டே இம்மொழிகள் தெரிவாகின்றன. வீட்டில் பேசும் மொழி எதுவெனக் கேட்கும் பள்ளிப் படிவத்தில் 'ஆங்கிலம்' என்று எழுதுகின்ற தமிழ்ப் பெற்றோர், தம் அயலிலுள்ள முதியவரின் உதவியையும் சேர்த்தே குறைக்கின்றனர். எண்ணப்படாத மொழிக்கு எந்த நகரமும் செலவிடாது. எனினும், தொலைபேசி மூலம் குறைந்தது நூறு மொழிகளில் உரைபெயர்ப்பு வழங்கவேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகின்றது. 2003 முதல் இயங்கும் 311 என்ற இலக்கத்தை அழைத்துத் 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் காத்திருக்கலாம். கேட்போர் தொகை கூடினாற்றான் தமிழின் தேவையும் வெளித்தெரியும்.

நூலகங்களுக்குப் போவதற்குத் தயக்கமே வேண்டியதில்லை. நியூயோர்க், புறூக்ளின், குயின்ஸ் என்ற மூன்று பொது நூலக அமைப்புகளுக்கும் இருநூறுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டு. ஆங்கில வகுப்பு இலவசம். தாமதக் கட்டணமும் 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. 1981இல் தன் நூலகம் எரிவதைக் கண்ட யாழ்ப்பாணத்து மக்களுக்கு நூலக அட்டையின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

வணிக வாயில் அத்துணை அகலமானதன்று. நடைபாதை உணவு வண்டிகளுக்கான அனுமதிப் பத்திரங்களுக்கு 1983இல் உச்சவரம்பு இடப்பட்டது. அதனால் பழைய பத்திரங்கள் கள்ளச் சந்தையில் பல்லாயிரம் டொலருக்கு வாடகை போயின. புதிதாக வந்த உழைப்பாளியே அதைச் சுமந்தார். வியாபாரிகள் அமைப்பாகத் திரண்டு பல ஆண்டுகள் வாதாடிய பின்னரே, 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுதோறும் புதிய உரிமங்களுக்கு வழி திறந்தது.

ஆயினும் நகரத்தின் கை எட்டும் தூரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். நகர அட்டை வதிவிட உரிமை தராது, வேலை அனுமதியும் தராது. அவை மத்திய அரசுக்குரியவை. நாட்டினுள் வந்து ஓராண்டுக்குள் புகலிடம் கோரவேண்டும் என்ற 1996ஆம் ஆண்டு விதியை எந்த மேயராலும் தளர்த்த முடியாது. குடியுரிமை இல்லாதோருக்கு உள்ளூர் வாக்குரிமை வழங்கும் நகரச் சட்டத்தை மாநில உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் செல்லாதாக்கியது. தந்ததும் சுருங்கலாம்: தங்குமிடம் கேட்போர்க்கு இடமளிக்கவேண்டும் என்று 1981இல் ஏற்கப்பட்ட கடப்பாடு, இலட்சக்கணக்கானோர் வந்து சேர்ந்தபின், 2024 மார்ச் உடன்பாட்டின்படி புதிதாக வந்த தனியாட்களுக்குப் பொதுவாக 30 நாளாக வரையறுக்கப்பட்டது.

ஆகவே எம்மவர் கேட்க வேண்டிய கேள்வி 'பெயர் கொடுப்பதா, விடுவதா' என்பதன்று. இப்பட்டியல் யாருடையது, நகரத்தினதா மத்திய அரசினதா, எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பனவே கேள்விகள். மத்திய அரசின் படிவமாயின் சட்டத்தரணியைக் கேளாது கையொப்பமிட வேண்டாம். நூலகத்தினதும் பள்ளியினதும் படிவமாயின் தாய்மொழி தமிழென்று துணிந்து எழுதுங்கள். விழாக்களுக்கு மண்டபம் பிடிக்கும் எமது சங்கங்கள், ஆண்டில் ஒரு சனிக்கிழமையையேனும் இப்படிவங்களை மக்களுக்கு வாசித்து விளக்குவதற்கு ஒதுக்கட்டும்.