எல்லோருக்கும் "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று சொல்லாதீர்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சீக்கிரமே மாத்திரைக்கு வந்துவிடும். பிபிக்கு எது, சர்க்கரைக்கு எது, மூட்டு வலிக்கு எது என்று பட்டியல் நீளும். நெருங்கிய நண்பர்கள் என்றால் குரலைத் தாழ்த்தி, "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?" என்ற கேள்வியும் வரும். யாராவது ஒருவர், "எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தாங்க, இப்ப விடியும்வரை தூக்கம்" என்பார். இன்னொருவர் அந்தப் பெயரைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். இந்தப் பழக்கம் ஆபத்தானது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த மாத்திரையின் பெயர் டெஸ்மோபிரசின். நம் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, வாசோபிரசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. 'தண்ணீரை வெளியே விடாதே, திருப்பி எடுத்துக்கொள்' என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது அதுதான். டெஸ்மோபிரசின் அதைப் போலச் செய்த செயற்கை மருந்து. போட்டதும் சிறுநீர் குறையும்.

மூன்று விதமானவர்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள். அந்த ஹார்மோன் சுரக்காமல் ஒரு நாளைக்குப் பல லிட்டர் சிறுநீர் போகிறவர்கள் ஒரு வகை. நாம் நீரிழிவு என்று சர்க்கரை நோயைச் சொல்கிறோம். இதில் சர்க்கரைக்கு வேலையே இல்லை, தண்ணீர்தான் போகிறது. இரண்டாவது, படுக்கையை நனைக்கும் பிள்ளைகள். மூன்றாவது, இரவில் அடிக்கடி எழும் பெரியவர்களில் சிலர்.

சிறுநீர் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். குடித்த தண்ணீர் எங்கே போகும்? உடம்பிலேயே தங்கும். ரசத்தில் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறைவதைப்போல ரத்தத்தில் சோடியம் குறையும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது இறங்கினால் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். மிகவும் இறங்கினால் மூளை வீங்கி, வலிப்பும் மயக்கமும் வரும். சாப்பாட்டில் உப்பைக் கூட்டினால் இது சரியாகாது. பிரச்சினை உப்புக் குறைவு அல்ல, தண்ணீர் மிகுதி.

என் நண்பர் ஒருவருக்கு 72 வயது. சம்பந்தியிடமிருந்து ஒரு அட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிபிக்காக ஏற்கெனவே தயசைடு வகை மாத்திரை சாப்பிட்டு வந்தார். அதுவும் சோடியத்தைக் குறைக்கக் கூடியது. வெயில் காலமாயிற்றே என்று வீட்டார் தலைமாட்டில் தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். ஐந்தாம் நாள் மருமகளை, இறந்துபோன தன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கவாதம் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சோடியம் 116. அதை ஒரே மூச்சில் ஏற்றவும் கூடாதாம், வேகமாக ஏற்றினால் மூளைக்கு வேறு கெடுதல். பிழைத்து வந்தார் என்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் சீட்டில் பெயர் எழுதிக் கொடுக்கும் பழக்கம் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஐந்து வயதுவரை படுக்கை நனைவது சகஜம், அதன் பிறகும் திட்டுவதால் ஒன்றும் சரியாகாது. டாக்டர் மாத்திரை கொடுத்தால், அதைப் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரம்வரை தண்ணீரை மிகவும் குறைக்க வேண்டும். "ஒரு டம்ளர் பால்தானே" என்று பாட்டிமார் நினைப்பார்கள். பால், மோர், ஜூஸ் எல்லாமே கணக்கில் உண்டு. காய்ச்சல், வாந்தி, பேதி வந்த நாளில் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் கேட்க வேண்டும். இந்த மருந்தின் மூக்கு ஸ்பிரேயைப் படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007 டிசம்பரில் அறிவித்தது. இந்த மருந்து எடுத்தவர்களில் 61 பேருக்குச் சோடியம் குறைந்து வலிப்பு வந்ததாகவும், இருவர் இறந்ததாகவும் அப்போது சொன்னது.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். ஹார்மோனே சுரக்காதவர்களுக்கு இது உயிர்காப்பு மருந்து. அவர்கள் நிறுத்தினால் உடம்பில் நீர் வற்றிவிடும். மருந்து நல்லதுதான். யாருக்கு, எவ்வளவு தண்ணீரோடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரவில் எழுவதற்கு புராஸ்டேட், சர்க்கரை, கால் வீக்கம், மாலையில் போடும் நீர் மாத்திரை, குறட்டையோடு மூச்சு நிற்பது என்று பல காரணங்கள் உண்டு. எனவே மூன்று நாள், எப்போது, எவ்வளவு குடித்தோம், எவ்வளவு போனது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோங்கள். மனச்சோர்வு மாத்திரை, வலி மாத்திரை, வலிப்பு மாத்திரையில் சிலதும் இதோடு சேர்ந்தால் சோடியத்தை இறக்கும். 65 வயது தாண்டியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாக்டர் இதை எழுதிக் கொடுத்தால், கூச்சப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? சோடியம் டெஸ்ட் எப்போது எடுக்கணும்?" தொடங்குமுன் ஒரு தடவை, முதல் வாரத்துக்குள் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை பார்ப்பது வழக்கம். அந்த ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவைப் பார்க்காதீர்கள்.